கடைசிப் பெட்டிக்காரர்

உங்கள் பெரியக்கா கல்யாணத்தில் நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு நீங்கள் மூன்று பேரும் கோபித்துக்கொண்டீர்கள். பெண்ணைப் பெற்றவர் பசியோடு மூன்று மணி வரைக்கும் நிற்கலாமா, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டீர்கள். அப்போது பதில் சொல்ல நேரமில்லை. ரசவாளி என் கையில் இருந்தது. இப்போது எழுதிவைக்கிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். தையல்காரன் எழுத்து, அங்கங்கே பிசிறு இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தப் பழக்கத்தை எனக்குப் பழக்கியவர் ரிட்டயர் ஆன ஒரு ரயில்வே கார்டு. ஊரில் எல்லோருக்கும் அவர் கார்டு பாய். பெற்றவர்கள் வைத்த பேர் என்ன என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே முப்பது வருஷம் வண்டியின் கடைசிப் பெட்டியில் போய் வந்தவர். வேலையை விட்டு வந்த பிறகும் ஜிப்பாவுக்கு மேலே விசில் தொங்கும். சைக்கிள் கேரியரில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சுருட்டி வைத்திருப்பார்.

"இஞ்சின் வந்துட்டா வண்டி வந்துட்டதா அர்த்தம் இல்ல தம்பி," என்பார். "கடைசிப் பெட்டி முதுகுல ஒரு பலகை இருக்கும். அத கண்ணால பாத்தாத்தான் ஸ்டேஷன்காரர் வண்டி முழுசா வந்துச்சின்னு ஒத்துக்குவார். நடுவுல எங்கயாவது கழண்டு நின்னுட்டா? இஞ்சின்காரனுக்குத் தெரியவா போவுது? அவன் கூவிக்கினே போய்ச் சேந்துடுவான்."

இதை அவர் ரயிலோடு விடவில்லை. எந்தத் தெருவுக்குள்ளும் முன்பக்கமாக நுழைய மாட்டார். சுற்றிக்கொண்டு போய் வால்பக்கமாக வருவார். டீக்கடையில் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். நாலு பேருக்கு டீ சொன்னால், "அந்தக் கோடியில நிக்கறாரே, அவருக்கு மொதல்ல குடுப்பா," என்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் எத்தனை பேர் கையைப் பிடித்து இழுத்தாலும் கடைசிப் பந்திதான்.

"மொதல் பந்தியில எல்லா வீடும் ராஜா வீடுதான். கடைசிப் பந்தியில பாயசம் இருக்குதா, போடறவன் மொகம் சிரிக்குதா பாரு. வீட்டோட லட்சணம் அங்கதான் தெரியும்."

ஒரு கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கு அப்பளம் தீர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். பாய் சிரித்தார். "தீந்துபோச்சின்னு நீயே வந்து சொன்ன பாரு, அது ஒரு அப்பளம். உக்காந்து சாப்டு, நீயும் காலையிலேந்து சாப்டல."

இப்படிப்பட்டவர் கையில்தான் தெருக்கொடை இருந்தது. அது என்னவென்று சொல்கிறேன். ஊரில் எண்ணெய் வியாபாரம் செய்து நன்றாக வாழ்ந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் காலமாகும்போது, வருஷாவருஷம் இரண்டு மூன்று தெருக்களுக்கு ஏதாவது நல்லது செய்யச் சொல்லிக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார். பெரிய தொகை இல்லை. ஒரு தெருவுக்கு ஒரு சின்னக் காரியம் ஆகும், அவ்வளவுதான். கல்லும் சிமெண்டும் அவர்கள் இறக்குவார்கள், உழைப்பு தெருக்காரர்களுடையது. எந்தத் தெருவுக்கு, எதற்கு என்று பார்த்து, காரியத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பைப் பாயிடம் விட்டார்கள். சம்பளம் கிடையாது.

ஒரு தெருவில் இன்னொரு குழாய் வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். பாய் காலையில் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழாய் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

"பாய், நீங்க முன்னாடி வாங்க," என்றார்கள் பெண்கள்.

"இல்லம்மா, நான் கடைசி. எனக்குப் பின்னால யாராவது வந்தா அவங்களுக்குப் பின்னால போயிடுவேன்."

இரண்டு நாள் நின்றதில் விஷயம் தெரிந்தது. குழாயடியில் தரை சரிவு. குடம் நேராக உட்காராது. ஒவ்வொருத்தரும் சாய்த்துப் பிடித்ததில் பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போயிற்று. கடைசி ஆளின் முறை வரும்போது தண்ணீர் நின்றுவிடும். குழாயடியில் ஒரு கல்மேடை போட வைத்தார். அதே ஒரு குழாயில் கடைசிக் குடமும் நிறைந்தது.

அவர் போன நாளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சந்தோஷமான இடத்தில் முடிக்கலாம். எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் காலமானார். தெருக்கொடை போன தெருவிலிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது. ஜனாஸாப் பெட்டியைத் தோளில் எடுத்தபோது ஒரு சிக்கல். ஒருத்தரும் முன்னால் போக மாட்டேன் என்கிறார்கள். எல்லோருக்கும் கடைசியில் நடக்க வேண்டும். எங்கள் தெரு அரிசிக்கடை முதலாளி என்னைப் பார்த்து, "நீ முன்னால போப்பா, டெய்லரு," என்கிறார். நான், "நீங்க போங்க மொதலாளி," என்கிறேன். பாயின் மருமகன் திரும்பித் திரும்பிப் பார்த்து, "ஏங்க, யாராவது தோள் மாத்த வாங்களேன்," என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அழுதுகொண்டிருந்தவர்களுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. பாய் இருந்திருந்தால் விசில் ஊதியிருப்பார்.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி அது. தெரு மலைப்பக்கம் தலையும் வாய்க்கால்பக்கம் வாலுமாகச் சரிந்து இறங்கும். தலையில் ஒரு பிள்ளையார் கோயில், அதை ஒட்டி அரிசிக்கடை முதலாளியின் மாடி வீடு. வாலில் கடைசி வீடு நம் வீடு. ஐப்பசி கார்த்திகையில் மலைத்தண்ணீர் மணலையும் அடித்துக்கொண்டு தெருவோடு ஓடி வரும். வாய்க்கால் இருபது அடி தள்ளி இருந்தாலும் அதற்குப் போகிற வழி இல்லாமல் நம் வீட்டுக்குள் நுழையும். தையல் மெஷினைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உங்கள் அம்மா பிரசவத்துக்குப் போளூர் போயிருந்தாள். பெரியக்கா பிறந்தாள். நான் பார்க்கப் போனபோது குழந்தையை என் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"ஏங்க, நான் வர்றேன். ஆனா தரை காஞ்சிருக்கணும். போன வருஷம் அடுப்பே கரைஞ்சி போச்சி, ஞாபகம் இருக்குதா? அந்த ஈரத்துல என் கொழந்தைய போட மாட்டேன்."

"பாத்துக்கறேன்."

"இன்னாத்த பாத்துக்கறீங்க? ஊர்க் கிழிசலெல்லாம் தைக்கறீங்க. நம்ம வீட்டுக் கிழிசல யாரு தைக்கறது?"

அவளையும் குழந்தையையும் அனுப்பிவைக்க என் மாமனார் குழந்தையின் ஐந்தாம் மாதத்தில், தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு திங்கட்கிழமையை நல்ல நாளாகக் குறித்தார். அன்றைக்குத் தரை ஈரமாக இருந்தால் அவள் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவாள். உங்கள் அம்மா சொன்னால் சொன்னதுதான், உங்களுக்கே தெரியும்.

அந்த வருஷம்தான் தெருக்கொடை எங்கள் தெருவுக்கு வந்தது. பாய் வழக்கப்படி வால்பக்கமாக வந்ததால் முதலில் நம் வீட்டில் நுழைந்தார். சுவரில் கெண்டைக்கால் உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் ஒரு கோடு இருக்கும். அதைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது?"

"தண்ணி நின்ன கோடு பாய். சுண்ணாம்பு அடிச்சிடறேன்."

"அடிக்காத. இதான் உங்க தெரு மனு."

ஆனால் மேல்தெருக்காரர்கள் வேறு ஒரு மனு வைத்திருந்தார்கள். பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் கூடியதும் அரிசிக்கடை முதலாளி படித்தார். கார்த்திகை தீபத்துக்கு வெளியூர் ஜனம் திரளாக வருகிறது. நம் தெருவுக்கு ஒரு பேர் வேண்டாமா. தெருமுனையில் ஒரு வளைவு, அதில் ட்யூப் லைட். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாய் விசில் ஊதினார். "கடைசியில நிக்கறவங்க மொதல்ல பேசட்டும்."

எல்லா முகமும் திரும்பியது. கடைசியில், ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, நான்.

"உங்க வீட்டுல தண்ணி எவ்ளோ தம்பி வரும்?"

"மெஷின் பெடல் வரைக்கும்," என்றேன்.

"அப்ப தண்ணியிலயே மிதிச்சிப் போயிடுவான்யா, படகு மாதிரி!" என்றார் ஒருத்தர். கூட்டம் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. சிரிப்பு தானாக அடங்கும்வரை காத்திருந்தார்.

"மொதலாளி, வளைவு வெச்சா ஜனம் அண்ணாந்து பாக்கும். சரி. கால எங்க வெக்கும்?"

முதலாளி கெட்டவர் இல்லை. மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெரு நீளத்துக்கு, வாய்க்கால் வரைக்கும் ஒரு கால்வாய் என்று முடிவாயிற்று.

எங்கே ஆரம்பிப்பது என்பதில் மறுபடி இழுபறி. எந்தக் காரியமும் பிள்ளையாரிடம்தான் தொடங்கும். பிள்ளையார் இருப்பது தெருவின் தலையில்.

"சாமிய விட்டுட்டு வால்ல எப்படி பாய் மண்வெட்டி போடறது?" என்றார் முதலாளி.

"தேங்காய மேல ஒடைங்க. கடப்பாரைய கீழ போடுங்க. சாமிக்கு எறங்கி வரத் தெரியும் மொதலாளி, தண்ணிக்கு ஏறிப் போகத் தெரியாது."

எல்லோரும் தலையாட்டினோம். மறுநாள் பாய் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஆம்பூர் போய்விட்டார். பதினைந்து நாள் திரும்பவில்லை. கல் இறங்கியது, சிமெண்ட் இறங்கியது. தேங்காய் உடைத்தோம். உடைத்த இடத்தைவிட்டு நகர ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. பிள்ளையார் காலடியில் போட்ட முதல் வெட்டை அப்படியே தொடர்ந்து கீழ்நோக்கி வெட்டிக்கொண்டே வந்தோம். நானும்தான் கடப்பாரை பிடித்தேன். தப்பு என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்லும்போதும் கூச்சமாக இருக்கிறது. தெருவின் பாதி வரைக்கும் கால்வாய் அழகாக வந்துவிட்டது. மீதிப் பாதி மண்.

அந்த நேரத்தில் மழை வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலைமேல் கறுத்தது. அரை மணிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. முன்பெல்லாம் தெருவில் பரந்து மெதுவாக வரும் தண்ணீர், இப்போது புதுக் கால்வாயில் ஒன்றாய்ச் சேர்ந்து, பாதித் தெருவில் அது முடிந்த இடத்தில் பீறிட்டு, நேராக நம் வீட்டைப் பார்த்துப் பாய்ந்தது. சுவரில் இருந்த பழைய கோட்டைத் தாண்டிவிட்டது. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த துணிகளைப் பரண்மேல் ஏற்றுவதற்குள் ஒரு மூட்டை விழுந்தது. திங்கட்கிழமைக்கு ஆறு நாள்தான் இருந்தது. நான் தண்ணீரில் நின்றுகொண்டு, வர வேண்டாம் என்று போளூருக்குக் கடிதம் எழுத வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஒரு குடை தெரிந்தது. ஆம்பூரிலிருந்து வந்த பாய், வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார்.

"பாய், மேலேந்து வெட்டிட்டோம்," என்றேன்.

"தெரியுது," என்றார்.

திட்டவில்லை. தெருவில் இறங்கி, சிவப்புக் கொடியை விரித்து, மூச்சுமுட்ட விசில் ஊதினார். ஜன்னல்கள் திறந்தன. "எல்லாரும் வாங்க! கூட்டம்!"

"எங்க பாய்? கோயிலாண்டயா?"

"டெய்லர் வீட்டுல!"

அப்படி ஒரு கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முழங்கால் தண்ணீரில் முப்பது பேர், வேட்டியையும் லுங்கியையும் தூக்கிக் கட்டிக்கொண்டு, நம் சின்ன வீட்டில். பாய் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டார். "மொதலாளி, இப்படி உக்காருங்க. டீ வரும்."

முதலாளி உட்கார்ந்தார். அவர் காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. பாம்பு என்று துள்ளி எழுந்தார். எடுத்துப் பார்த்தால் துணி. மாப்பிள்ளையின் தலைதீபாவளிச் சட்டைக்காக அவரே கொடுத்த வெள்ளை டெரிகாட்டன்; யாருடைய ரவிக்கைத் துணியோ சாயம் போய், வெள்ளையெல்லாம் ரோஸ்.

எனக்கு உயிர் போய்விட்டது. "மொதலாளி, நான் வேற வாங்கிக் குடுத்துடறேன்..."

அவர் துணியைப் பார்த்தார், சுவரில் தண்ணீர் ஏறியிருந்த உயரத்தைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார். "வருஷா வருஷம் இப்படியாப்பா?" என்றார்.

"வருஷா வருஷம் இதுல பாதி, மொதலாளி."

"ஒரு நாள் கூட சொல்லலையேடா நீ."

பாய் அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இஞ்சின்ல உக்காந்தா கேக்காது மொதலாளி. உங்க மேல தப்பில்ல. சத்தம் ஜாஸ்தி."

முதலாளி எழுந்தார். "இப்பவே கீழேந்து வெட்டலாம். ஆனா பாய், மறுபடி மொதல்லேந்துன்னா பிள்ளையாருக்கு..." என்று இழுத்தார்.

வாசலில் முக்காடு நனைய நின்றுகொண்டிருந்த அவர் சம்சாரம் குரல் கொடுத்தார். "கோயில் பிள்ளையார் எழுந்து வர மாட்டாருன்னா, மஞ்சள்ல ஒண்ணு பிடிச்சி வெச்சா ஆச்சி! கல்யாணத்துக்கெல்லாம் எங்கேந்து வர்றாராம்? இத்தினி ஆம்பளைங்க இருக்கீங்க, இது தோணல?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "பதினஞ்சு நாளு முன்னாடி இந்தம்மாவ பேச விட்டிருந்தா நான் ஆம்பூர்லயே இருந்திருப்பேன். கூட்டத்துல இவங்க எங்க நின்னாங்க?"

"கடைசியில," என்றேன். "எனக்கும் பின்னால, அவங்க வீட்டுக் கதவுக்கு உள்ள."

பாயின் முகம் மாறியது. "அப்ப தப்பு என்னுது," என்றார். "கடைசின்னு நெனச்சி உன்னைக் கேட்டுட்டேன். கடைசிக்குப் பின்னால ஒருத்தர் இருந்திருக்காங்க." அதற்குப் பிறகு அவர் நடத்திய எந்தக் கூட்டத்திலும் கதவுக்கு உள்ளே எட்டிப் பார்க்காமல் ஆரம்பித்ததில்லை.

அந்த அம்மா மஞ்சளைக் குழைத்துப் பிடித்த பிள்ளையார் நம் வாசற்படியில் உட்கார்ந்தார். அருகம்புல் செருகி, முதலாளியே தேங்காய் உடைத்து, வாய்க்கால் கரையில் முதல் வெட்டு வெட்டினார். தூறலில் நனைந்துகொண்டு, கீழிருந்து மேலாக, தலையும் வாலும் சேர்ந்து வெட்டினோம். மேல்வீடுகளிலிருந்து சோறு வந்தது. முதல் தட்டு யாருக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை வானம் வெறித்தது, கல் பதித்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு கால்வாயும் ஒன்றையொன்று தொட்டன. அன்றைக்கு முழுக்க நான் நம் வீட்டுத் தரையில் மணல் கொட்டி வாரி, பழைய தரையை வழித்து, கரி அடுப்பு வைத்துக் காயவைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் மழை கொட்டியது, செவ்வாய்க்கிழமை பெய்ததைவிட ஜாஸ்தி. ரயிலடிக்குப் போய் உங்கள் அம்மாவையும் பெரியக்காவையும் ஜட்காவில் ஏற்றினேன். படுதாவுக்கு வெளியே பார்த்த உங்கள் அம்மா, "வண்டிய திருப்பச் சொல்லட்டுமா?" என்றாள். குழந்தைக்குச் சாரல் படாமல் படுதாவை இழுத்துவிட்டேன்.

தெருவில் திரும்பினோம். மழைக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டிய ஜனமெல்லாம் குடையும் கோணிச்சாக்குமாக வால்பக்கம் கூடியிருந்தது. எல்லோரும் கால்வாய்க்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்மண் நிறத்தில், நுரை கட்டிக்கொண்டு, மலைத்தண்ணீர் நம் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ கை தட்ட, தெருவே தட்டியது. முதலாளி ரோஸ் நிறச் சட்டை போட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு வேறு துணி வாங்கிவிட்டு, சாயம் ஏறிய துணியைத் தனக்கே தைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையை அவர் பல வருஷம் போட்டார்.

முதலாளி சம்சாரம் ஆரத்தித் தட்டோடு நின்றார். ஆனால் உங்கள் அம்மா உடனே உள்ளே வரவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்தாள். வாசற்படிக்கு உள்ளே கையை நீட்டித் தரையில் உள்ளங்கையை அழுத்தினாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

கை காய்ந்திருந்தது.

அந்தக் கையை என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். பெரியக்காவைத் தரையில் விரித்த பாயில் கிடத்தினாள். அவள் காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜட்காவுக்குப் பின்னால், கூட்டத்துக்கும் பின்னால், மழையில் தொப்பலாக நனைந்தபடி கார்டு பாய் நின்றிருந்தார். ரயிலடியிலிருந்து எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே சைக்கிளில் வந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அவர் பச்சைக் கொடியை எடுத்து உதறி, தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

"வந்துச்சி தம்பி!" என்றார். "முழுசா வந்துச்சி!"